உன் மகளைப் பெண் கேட்கத் தயங்கியவன்

என் உயிரான மாப்பிள்ளை சூசைக்கு,

ஊரார் முன்னால் உன்னை ‘நீங்கள்’ என்பேன்; வள்ளத்தில் ஏறிவிட்டால் ‘ஏலே’தான். இந்தக் கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும். நீ கண்ணை மூடிய பிறகு புதுத் துறைமுகம் வந்துவிட்டது. என் மகன் சேவியருக்கு அங்கே வேலை. நல்ல செய்தி இத்தோடு சரி.

உன் மகள் ரோஸ்மேரிக்கு வலிப்பு வருகிறது. போன திருவிழாவில் சப்பரம் வரும்போது கூட்டத்துக்கு நடுவே விழுந்தாள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சேவியருக்கு அவள்தான் என்று நாம் பேசி வைத்தது ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து உன் வீட்டுப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன். உன் பொண்டாட்டியான என் தங்கச்சி கேட்டதற்கு, “ரெத்தம் ரொம்ப நெருக்கமால்லா இருக்கு, சாமியார் என்ன சொல்லுவாரோ” என்று மழுப்பினேன். சேவியர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

உன் பொண்டாட்டி விடுவாளா? நீ சங்கெடுக்க மூழ்கும்போதெல்லாம் மேலே கயிறு பிடித்தவன் நான். அதைத்தான் பிடித்துக்கொண்டாள்.

“ஏண்ணே, மச்சான்தான் கயிறு பிடிக்கணும்னு வச்சது எதுக்கு? தங்கச்சி தாலிய நெனச்சாவது கைய விட மாட்டான்னுதான? அவரு உங்கள நம்பி எறங்குனாரு. அவரு பெத்த பிள்ளய விட்டுட்டியளே!”

கடலில் உனக்கு ஒன்றும் ஆகவிடவில்லை, காமாலையில் போனாய். அந்தப் பெருமையை அவள் ஒரே பேச்சில் பறித்துக்கொண்டாள்.

ரோஸ்மேரியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வலிப்புக்குப் பார்க்கிற டாக்டர் வாசலில் ஏரல் பலசரக்குக்கடை அண்ணாச்சி, மகளோடு. என்னைக் கண்டதும், “பல்லு வலி, அதான் வந்தேன்” என்றார். “எனக்கும் பல்லுதான் அண்ணாச்சி” என்றேன். இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

டாக்டர் சொன்னார்: “இது பேயும் இல்ல, சாபமும் இல்ல. நம்மள மாதிரி வெப்பமான ஏழை நாடுகள்ல இது ரொம்ப அதிகம். பிரசவத்துல பிள்ள தலையில அடிபடும், மூளைக்காய்ச்சல் வரும், வயித்துப் பூச்சி மூளைக்குப் போகும். எத்தனையோ காரணம். மறைக்கிறதாலதான் உங்களுக்குத் தெரியல. மாத்திரைய விடாம சாப்பிட்டா முக்கால்வாசிப் பேரு நல்லா இருக்கலாம்.”

மனசு லேசானது. உடனே வெட்கமும் வந்தது. நிறையப் பேருக்கு இருக்கிறது என்று தெரிந்த பிறகுதானே எனக்குத் துணிச்சல்? அவள் ஒருத்திக்கு மட்டும் இருந்திருந்தால்?

திரும்பி வரும்போது பஸ்ஸில், “மாமா, அத்தானுக்கு வேற எடம் பாக்கியளாமே” என்றாள். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். “நல்ல எடமா பாருங்க” என்றாள். உன் மகள்தான்.

வருகிற ஞாயிறு, பூசை முடிந்ததும் பெண்டாட்டி பிள்ளையோடு உன் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்கிறேன். வலிப்பு இருப்பது தெரிந்தே கேட்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்வேன். ரோஸ்மேரி மாட்டேன் என்றால் அது அவள் நியாயம். அப்போதும் அவளுக்கு மாத்திரை தடைபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. இது சத்தியம்.

சம்பந்தி என்று கையெழுத்துப் போட ஆசைதான். அதை அவள்தான் தரவேண்டும். அதுவரை,

உன் மச்சான்
லாசர்