கடைசி அட்டையில் மாமா

பாரிஸ் புறநகர்,
12 ஜனவரி 2025

அன்பு நாத்தனார் சித்ராவுக்கு,

அண்ணி அமிர்தவல்லி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், குளிர்தான் எலும்புக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. நீயும் மாப்பிள்ளை கலைச்செல்வனும் மாறனும் நலந்தானே? போன் செய்தால் நீ எடுப்பதில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன். ஏழு வருஷமாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் எப்படியம்மா?

உங்கள் அண்ணனுக்கு ஆகஸ்டில் அறுபது முடிகிறது. வக்கான்ஸ் லீவுக்கு வருகிற பிள்ளைகளை மண்டபத்தில் உட்காரவைத்தால் வேர்த்து விறுவிறுத்துப் போவார்கள் என்று, சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் அறுபதாம் கல்யாணத்தை ஏற்பாடு செய்திருக்கிறோம். கப்பலில் நெருப்பு ஏற்றக் கூடாதாம், பேட்டரி விளக்குதான். ஐயரும் சரி என்றுவிட்டார். உங்கள் மூன்று பேருக்கும் இடம் பிடித்தாயிற்று.

முதல் முடிச்சு அவர் போட்டால் மற்ற இரண்டையும் நாத்தனார்தானே போட வேண்டும். அவருக்கு இருக்கிற ஒரே தங்கை நீ. வராமல் இருந்துவிடாதே.

ஒரே ஒரு விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிரான்சிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். முகூர்த்த நேரத்தில் மாறன் கத்தினால் நன்றாக இருக்காது. கப்பலில் குழந்தைகளுக்கென்று விளையாட்டுக் கூடம் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். அவனைப் போன்ற பிள்ளையைச் சேர்ப்பார்களா என்று நீயே பேசி ஏற்பாடு செய்துவிடு. அவனுக்கும் சந்தோஷம், நமக்கும் நிம்மதி.

அன்புடன்,
அண்ணி

---

முதலியார்பேட்டை, புதுச்சேரி,
15 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இங்கே மூவரும் நலம். பொங்கல் கரும்பு இன்னும் மீதி இருக்கிறது, மாறன் காலையிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டிருக்கிறான். அவன் கத்தாத நேரமும் உண்டு என்று உங்களுக்குத் தெரியட்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றீர்கள். ஏன் என்று மறந்துபோனது போல எழுதியிருப்பதால் சொல்கிறேன். மாறனுக்கு மூன்று வயதில் காது குத்தினோம். மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்று அதற்காகவே உங்கள் விடுமுறையைக் கேட்டுக் கேட்டு நாள் குறித்தேன். நீங்களும் வந்தீர்கள். கோயில் வாசல் வரைக்கும் வந்தீர்கள். "அது கடிச்சு வெச்சிடும், பட்டு வேட்டி வேற, நீங்க எறங்காதீங்க" என்று அண்ணனைக் காருக்குள்ளேயே உட்காரவைத்தீர்கள். என் பிள்ளையை 'அது' என்றீர்கள், அண்ணி. ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு "தாய்மாமன் எங்கம்மா?" என்று கேட்டார். கூட்டம் பூராவும் என்னைப் பார்த்தது. பலகையில் நானே உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் கத்திய கத்தல் காருக்குள் கேட்டிருக்காது. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டிருந்தீர்கள்.

அப்பா செத்த பிறகு என்னைச் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடம் அழைத்துப்போன அண்ணன் அவர். அவரும் இறங்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, போகட்டும் என்று எழுத எனக்கு மனசில்லை. ஆனால் கப்பலுக்கு வருகிறேன். விளையாட்டுக் கூடத்தையும் நானே பேசிக்கொள்கிறேன். பீச் ரோடு ஹோட்டலில் வரவேற்பில் நின்று, சிரித்த முகத்தோடு ஊரார் வசதியைக் கவனிப்பதுதானே என் பிழைப்பு. உங்கள் வசதியையும் கவனிக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெயசித்ரா

---

பாரிஸ் புறநகர்,
2 பிப்ரவரி 2025

அன்பு சித்ராவுக்கு,

வருகிறேன் என்றாயே, அது போதும். பழசையெல்லாம் கிளறாதே. அன்றைக்கு அவருக்கு ஜெட்லாக், நான் ஏதோ வாய் தவறிச் சொல்லியிருப்பேன்.

முகூர்த்தம் பத்தரைக்கு. பன்னிரண்டு மணிக்கு அதே அரங்கில் கப்பல்காரர்களின் தம்போலா விளையாட்டு இருக்கிறதாம், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அதனால் மாறனை ஒன்பது மணிக்கே கூடத்தில் விட்டுவிடு. சாப்பாட்டுக்கு அப்புறம் அழைத்துக்கொள். இதையெல்லாம் உங்கள் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருக்காதே, பாவம், வருத்தப்படுவார்.

உனக்கு மயில்கழுத்து நிறத்தில் புடவை எடுத்திருக்கிறேன்.

அண்ணி

---

முதலியார்பேட்டை, புதுச்சேரி,
3 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

நீங்கள் சென்னை வந்து இறங்கியதாக என் வீட்டுக்காரர் சொன்னார். விளையாட்டுக் கூடத்தின் ஏற்பாடு முடிந்தது. விவரம் இது.

அங்கே பொறுப்பில் இருக்கிற பெண்ணின் பெயர் சுவேதா. காலாப்பட்டில் படித்தவளாம், நம்மூர்ப் பேச்சு. முதலில் "ஆட்டிசம்னா நாங்க ஹெட் ஆபீஸைக் கேக்கணும் மேடம்" என்றாள். கேட்டாள். அவர்கள் மறுத்தார்கள். நான் விடவில்லை. வாரம் தவறாமல் எழுதினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். மற்ற பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவனுக்கு மட்டும் கூடத்தைத் திறந்து சுற்றிக் காட்டுவார்கள். மைக், பாட்டு, பலூன் வெடிப்பது எதுவும் அவன் பக்கத்தில் கிடையாது. மூன்று நாளும் ஆள் மாறாமல் ஒருத்தரே அவனோடு இருப்பார். தயிர்சாதம் தனியாக வரும்.

மாறனுக்குப் பேச்சு குறைவு. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாவிட்டால்தான் அவனுக்குப் பயம் வரும், கத்துவான். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் பட அட்டை வைத்திருக்கிறோம். பல் தேய்ப்பது ஒரு அட்டை, ஸ்கூல் வேன் ஒரு அட்டை. வரிசையாக மாட்டிவிட்டால் ஒவ்வொன்றாக முடித்துக் கழற்றிப் போட்டுக்கொண்டே போவான். அட்டையில் இருப்பது நடந்தால் போதும், தங்கமான பிள்ளை. நடக்காவிட்டால் யாராலும் நகர்த்த முடியாது.

கப்பலுக்கும் அட்டை செய்துவிட்டேன். முகூர்த்த நாளுக்கு: மணல் விளையாட்டு, மீன் படம், தயிர்சாதம். கடைசி அட்டையில் அண்ணனுடைய போட்டோ. மாமா வருவார், மாமா மடியில் உட்காரலாம். பத்தரை மணி.

நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். தவறுதலாகச் செய்ததில்லை. ஒரு மாதமாகத் தினம் இதே வரிசையை அவனுக்குக் காட்டி வருகிறேன். "மாமா, மாமா" என்று சொல்லப் பழகிவிட்டான். இனி மாற்றினால் உங்கள் சம்பந்திகளுக்குக் கேட்கிற அளவுக்குக் கத்துவான். அண்ணனிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். முன்கூட்டிச் சொன்னால் ஒன்பதரைக்கே போய் ஐந்து நிமிஷம் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிடலாம், அட்டையை நான் முன்னால் நகர்த்தி மாட்டிக்கொள்வேன். சொல்லாவிட்டால் பத்தரைதான்.

அப்போதும் அவர் வராவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை. அன்றோடு முடிந்தது.

ஜெயசித்ரா

---

சென்னை,
4 ஆகஸ்ட் 2025

சித்ரா,

உனக்கு என்ன திமிர்! அந்த அட்டையைக் கிழித்துப் போடு. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக் கூடாது. பிள்ளையைக் காட்டி மிரட்டுகிற வேலையெல்லாம் என்னிடம் வேண்டாம்.

அமிர்தவல்லி

---

லாஸ்பேட்டை, புதுச்சேரி,
13 ஆகஸ்ட் 2025

சித்ராவுக்கு,

என் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். இத்தனை நாளும் எழுத மனம் வரவில்லை.

மணையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஐயர் தாலியைத் தட்டில் வைத்து எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பியிருக்கிறார். அப்போது டி-ஷர்ட் போட்ட அந்த விளையாட்டுக் கூடத்துப் பெண் நேராக மேடைக்கே ஏறி வருகிறாள். "சக்கரபாணி மாமா யாருங்க? மாறன் கதவுகிட்டயே நிக்கிறான். யாரு கூப்ட்டாலும் வரமாட்டேங்கிறான். உங்க போட்டோவக் கையில வெச்சிக்கினு நிக்கிறான் சார்." அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ விளக்கைப் பிடித்துக்கொண்டு கல்லு மாதிரி நின்றாய். "தாலியக் கட்டிட்டுப் போங்க" என்று நான் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். என் கையை எடுத்துவிட்டார், சித்ரா. முப்பத்தைந்து வருஷத்தில் என் கையை அவர் அப்படி எடுத்ததில்லை. மாலையோடு இறங்கிப் போனார்.

போனவர் வரவில்லை. என் மகன் போய்ப் பார்த்தால், ரப்பர் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனை மடியில் வைத்துக்கொண்டு, மாலையில் இருக்கிற பூவை அவன் ஒவ்வொன்றாகப் பிய்க்கப் பிய்க்க அழுதுகொண்டிருக்கிறாராம். "முகூர்த்தம் போகுதுப்பா" என்றதற்கு, "போகட்டும்டா, ஒரு முகூர்த்தத்த நான் காருக்குள்ளயே உட்டுட்டேன்" என்றாராம். சம்பந்தியம்மாள் மூன்று தடவை கேட்டாள், மாப்பிள்ளை எங்கே என்று. நான் என்ன சொல்ல? காலி மணைக்குப் பக்கத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். தம்போலாக்காரர்கள் வந்து நாற்காலியை மாற்றிப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போது நீ சிரித்தாய். நான் பார்த்தேன்.

தாலி இன்னும் பெட்டியிலேயே கிடக்கிறது. மாறன் பக்கத்தில் இருந்தால்தான் கட்டுவேன் என்கிறார். உன் வீட்டில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறாரே, உனக்கே தெரியும். என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ஞாயிறு விமானம். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் சொல்லியிருக்கிறேன். அழைத்துக்கொண்டு வா. நாத்தனார் இல்லாமல் முடிச்சு யார் போடுவது? உன் காலில் விழ வேண்டுமா? சொல், விழுகிறேன்.

அமிர்தவல்லி

---

முதலியார்பேட்டை, புதுச்சேரி,
14 ஆகஸ்ட் 2025

அண்ணிக்கு,

ஆமாம், சிரித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? அதற்கு முன்னால் பயம்தான். அங்கே பிள்ளை கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பான், அண்ணன் திரும்பி உட்கார்ந்துவிட்டால் அவனிடம் போய் என்ன சொல்வேன் என்று நினைக்க நினைக்க விளக்கு கையில் நிற்கவில்லை. பேட்டரி விளக்காக இருந்ததால் தப்பித்தது. அவர் எழுந்த பிறகுதான் சிரிப்பு வந்தது. பிறகு உங்களைப் பார்த்தேன். பக்கத்து மணை காலியாக இருந்தது. ஊர் பூராவும் "அவர் எங்கே?" என்று கேட்டது. காது குத்திய அன்றைக்கு எனக்கு எப்படி இருந்தது என்று இனி நான் உங்களுக்கு எழுதிப் புரியவைக்க வேண்டியதில்லை. கண்ணாரப் பார்த்தேன், திருப்தியாக இருந்தது.

பிள்ளையை வைத்து மிரட்டினேன் என்கிறீர்கள். இருக்கலாம். நல்ல தாய் அப்படிச் செய்ய மாட்டாள் என்று என் வீட்டுக்காரரும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒன்பதரைக்கே முடிந்திருக்கும். சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உங்கள் கையில் விட்டேன்.

அண்ணன் காலையில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மாறனுக்குக் கொய்யா வாங்கிக்கொண்டு வருகிறார். இவன் அவருக்கு ஒரு அட்டை கொடுத்திருக்கிறான், உட்கார் என்று. அவரும் உட்காருகிறார். உங்களைப் பற்றி ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. அவர் மனைவி நீங்கள், அதை நான் பறிக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். மாறன் மாமன் பக்கத்தில் உட்காருவான். கத்தினால் கத்துவான், யாரும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வருகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. முடிச்சையும் போடுகிறேன்.

காலில் விழ வேண்டாம். மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துவிடாதீர்கள். நாத்தனார் முடிச்சுப் போடும்போது நீங்கள் என் முன்னால் தலையைக் குனிந்துதான் உட்கார வேண்டும். அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
ஜெயசித்ரா