சஹனில் என் பக்கம்

24 ஜூன் 1957
வயிற்றுப் புண்ணுக்குக் கத்தி வைத்து வீடு திரும்பி ஒரு வாரம். இரைப்பையில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார்கள். பசியும் அதோடு போய்விட்டது. மனைவி ஜமீலா ஆட்டுக்கால் சூப்பை முன்னால் வைத்தாள். சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தேன். எங்கள் காஜா பெராங் பகுதியில் எந்த வீட்டில் நெய்ச்சோறு என்று மோப்பத்திலேயே சொன்னவன் நான்.

2 ஜூலை
டாக்டர் ராஜரத்தினம் சொன்னார்: "இரைப்பையும் குடலும் ரத்தத்தோட மூளைக்குச் சேதி அனுப்புதெண்டு சிலர் நினைக்கினம். பசிக்குது எண்டும், போதும் எண்டும். உங்களுக்கு அது குழம்பிப் போச்சு. பசிக்காகக் காத்திருக்காதேங்கோ, மணியைப் பாத்துச் சாப்பிடுங்கோ. இன்னும் இளைச்சால் உடம்பு தாங்காது."
'போதும்' என்ற சேதி எனக்கு என்றைக்கு வந்தது? வந்துகொண்டிருந்த ஒன்றும் இப்போது நின்றுவிட்டது.

8 ஜூலை
ஹஜ்ஜுப் பெருநாள் விருந்து. நாலு பேருக்கு ஒரு சஹன். ஒரே தட்டில் நாலு கை. முன்பெல்லாம் நான் உட்கார்ந்தாலே கூட்டாளி ஷரீஃபுதீன் சோற்றில் விரலால் கோடு போடுவான், "இதைத் தாண்டி வராதே உமரு" என்று. இன்று ஆளாளுக்கு என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்கார்ந்தால் கறி மிஞ்சுமே! இவ்வளவு மரியாதை என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன்.

19 ஜூலை
பச்சை பெல்ட்டில் இன்னொரு புதுத் துளை. "பசிக்கலன்னா எனக்காகவாச்சும் தின்னுங்க மச்சான்" என்கிறாள் ஜமீலா. தின்கிறேன், மருந்து மாதிரி. செத்துப்போவேனோ? பயமாகத்தான் இருக்கிறது.

31 ஆகஸ்ட்
மெர்டேக்கா, சுதந்திர நாள். பண்டார் ஹிலிர் முழுக்கக் கொடி, கூட்டம். நாடு இன்றுதான் தன்னிஷ்டத்துக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறது. என் வயிறு முந்திக்கொண்டது.

12 செப்டம்பர்
பெல்ட் அதே துளையில்.

7 அக்டோபர்
தெங்கேராவில் நபி பிறந்தநாள் மவுலூது விருந்து. ஷரீஃபுதீன் சஹனில் உட்கார்ந்தேன். தால்சா வாசனை — உள்ளே ஏதோ உறுமியது. என் கை கோட்டைத் தாண்டிப்போய் அவனுடைய எலும்புத்துண்டை எடுத்துவிட்டது. மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். "வந்துருச்சுடா பழைய முசீபத்து." சொல்லிவிட்டு இன்னொரு துண்டையும் என் பக்கம் தள்ளினான்.
கொஞ்சம் இறங்கியதுமே 'போதும்' என்றும் ஒரு சேதி. முதல் தடவை வந்திருக்கிறதே என்று அதன் பேச்சைக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

10 நவம்பர்
ஷம்சுதீன் மகள் கல்யாணம். ஒருவரும் என்னைத் தங்கள் சஹனுக்குக் கூப்பிடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.