மஞ்சள் குடையும் 47ஆம் நம்பர் பஸ்ஸும்

ஜனவரி 14, செவ்வாய்

என் வீட்டுக்காரர் ரேமண்டுக்கு இன்று நல்ல நாள். நான் கோட்டைக் கழற்றுவதற்குள் "என்ன தெல்மா, வெளியில மழையா?" என்று பெயர் சொல்லியே கேட்டார். போன வாரம் முழுக்க ஒரே ஒரு தடவைதான் என் பெயர் அவர் வாயில் வந்தது. பராமரிப்பு இல்லத்துச் செவிலி ஷைனி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள்: "எப்படியாவது தினம் வந்துடுங்கம்மா. உங்க முகம் அவருக்குப் பழகிட்டே இருக்கணும்."

தினம்தானே போகிறேன்? இரண்டு வருடமாக, ஸ்கெல்பியில் எங்கள் வீட்டிலிருந்து ஹார்ன்கேட்டில் அவர் இருக்கும் இல்லத்துக்கு ஆறு மைல், காலை பத்து மணி 47ஆம் நம்பர் பஸ். கார் ஓட்டுவது எங்கள் வீட்டில் அவர் வேலை. நான் கற்றுக்கொள்ளவே இல்லை.

திரும்பும்போது ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பிப்ரவரி 22க்கு மேல் 47 கிடையாதாம். "பயணிகளின் நலன் கருதி" என்று தொடங்குகிறது. எந்தப் பயணி? பஸ்ஸில் இருந்ததே நாலு பேர். நாலு பேரில் யாருடைய நலன் என்று எனக்குச் சொல்லட்டும்.

ஜனவரி 23, வியாழன்

கவுன்சில் கூட்டம். பதினோரு வருடமாக ஒரு கூட்டம் விடாமல் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவள் நான். எழுந்து பேசியது இன்றுதான். பொதுமக்களுக்கு மூன்று நிமிடம். ரேமண்டைப் பற்றி, என் பெயரை அவர் மறந்துகொண்டே வருவதைப் பற்றி, யாராவது நம்மைத் தெரியாதவர் மாதிரி பார்த்தால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி, பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். போக்குவரத்துப் பொறுப்பு கவுன்சிலர் டெரிக் ஸ்டாக்டேலிடம். இரண்டரை நிமிடத்திலேயே கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"மிசஸ் ஓல்ட்ராய்ட், உங்க கஷ்டம் புரியாம இல்ல. ஆனா காலி பஸ்ஸை ஓட்ட முடியுமா, சொல்லுங்க?"

"நான் ஏறின பிறகு அது எப்படிங்க காலி பஸ்ஸாகும்?"

சிரித்தார்கள். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த விஷயம்: புதுப்பித்த சந்தைக் கூடத்தைத் திறந்து வைக்க மார்ச் 12 அன்று இளவரசி ஹென்ரியட்டா வருகிறார். வாசலில் வைக்கும் பூ மஞ்சளா வெள்ளையா என்று நாற்பது நிமிடம் பேசினார்கள். பஸ்ஸுக்கு ஆறு நிமிடம். கடிகாரம் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: இளவரசி பெயரைக் கேட்டதும் என் மனசு ஒரு துள்ளு துள்ளியது. நாற்பத்தொரு வருடப் பழக்கம் எங்கே போகும்? அவர் எந்த ஊரில் ரிப்பன் வெட்டினாலும் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நானும் என் சிநேகிதி மேவிஸும் இருப்போம். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க் டீ, சீஸ் சாண்ட்விச், என் மஞ்சள் குடை. கூட்டத்தில் கண்ணில் படட்டும் என்றுதான் மஞ்சள். ஒரு தடவைகூட அவர் எங்களிடம் நின்றதில்லை.

ஒவ்வொரு தடவையும் வீடு திரும்பும்போது ரேமண்ட் அரச குடும்பத்து ஆண்கள் மாதிரி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, "ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?" என்பார். வரிசையில் நிற்கிற அத்தனை பேரிடமும் அவர்கள் கேட்கிற கேள்வி அது ஒன்றுதானே. சலிக்காமல் அதே கிண்டல். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கவுன்சிலுக்கு நான் எழுதிய ஏழு கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதில்: "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது."

பிப்ரவரி 22, சனி

கடைசி 47. ஓட்டுநர் இல்லத்து வாசலிலேயே இறக்கிவிட்டு, "சாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "யாரை?" என்றார் ரேமண்ட்.

மார்ச் 3, திங்கள்

ஒன்பது நாள் ஆகிவிட்டது. மேவிஸ் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், காரும் அவளோடு போயிற்று. வேறு யாரைக் கேட்பது? இன்று அவள் வந்ததும் வராததுமாக இழுத்துக்கொண்டு போனேன். ரேமண்ட் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைத்தார். மரியாதையாக!

"உக்காருங்கம்மா. யாரையாவது பாக்க வந்தீங்களா?"

நாப்பத்தாறு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷன். என்னைப் போய் உக்காருங்கம்மான்றார்.

வரும் வழியில் சந்தைத் தெரு பஸ் நிறுத்தத்துக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். இளவரசியின் கார் அந்த வழியாக வருகிறதாம். கண்ணாடி துடைத்து, பூந்தொட்டி தொங்கவிட்டு, பெஞ்சுக்கு வார்னிஷ் வேறு. கால அட்டவணை வைக்கிற சட்டத்துக்குள் மட்டும் ஒன்றுமில்லை. ஓடாத பஸ்ஸுக்கு இத்தனை அலங்காரம்! காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஈர வண்ணத்தில் விரலால் 47 என்று எழுதிவிட்டு வந்தேன். எழுபது வயதில் செய்கிற காரியமா? செய்தேன். கையுறை பாழ்.

மார்ச் 5, புதன்

ஸ்டாக்டேல் ஃபோன் செய்தார். அவரே!

"நாப்பது வருஷமா வெளியில நின்னீங்க. இந்த தடவை உள்ள வாங்க மிசஸ் ஓல்ட்ராய்ட். கை குலுக்கற வரிசையில உங்க பேரையும் போட்டிருக்கேன்."

வாயை அடைக்கப் பார்க்கிறார் என்று தெரியாதா எனக்கு? ஆனால் என்னிடம் ஒரு திட்டம் இருக்கிறது. இளவரசி அந்தக் கேள்வியைக் கேட்பார். கேட்காமல் இருக்கவே மாட்டார். நான் சொல்லப்போவது இது: "இல்லைங்க மேடம், பக்கத்துத் தெருதான். தூரமாப் போகத்தான் வழியில்ல. பஸ்ஸை நிறுத்திட்டாங்க." பக்கத்திலேயே ஸ்டாக்டேல் நிற்பார். பத்திரிகைக்காரர்களும் நிற்பார்கள்.

தபால் நிலைய வரிசையில் மேவிஸிடம் சொன்னேன். அவள் கத்தியே விட்டாள்.

"அடிப்பாவி! ராஜ குடும்பத்துக்கிட்ட அரசியல் பேசறதா? அப்படிப் பேசினவங்களை நாமளே எத்தனை தடவை திட்டியிருக்கோம்!"

"இது அரசியல் இல்லடி, பஸ்ஸு."

"நம்ம ஊர்ல பஸ்ஸைவிடப் பெரிய அரசியல் எதுடி?"

வரிசையே சிரித்தது. இனி ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நீலக் கோட்டு, நீலத் தொப்பி. குடை உள்ளே கூடாது என்றார்கள், வாசலில் வைத்துவிட்டேன். வரிசையில் நான் ஏழாவது. எனக்கு முன்னால் பேக்கரிக்காரர் நார்மன். அவர்வரை ஆறு பேரிடமும் இளவரசி அதையேதான் கேட்டார். "ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?" என் வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. முழங்காலை மடக்கி வணங்கி நிமிர்ந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"மஞ்சள் குடை! நீங்கதானே அது? இத்தனை வருஷமா மழையிலயும் வந்து நிக்கறீங்க. உங்களை எனக்குத் தெரியாமப் போகுமா?"

தெரியாமப் போகுமா என்றார். என்னை.

அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கு நினைவில்லை. நார்மன் சொல்கிறார், அழுதேனாம். "தேங்க்யூ மேடம், தேங்க்யூ மேடம்" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லையாம். அதற்குள் அவர் எட்டாவது ஆளிடம் போய்விட்டார்.

மார்ச் 13, வியாழன்

நாற்பத்தொரு வருடத்தில் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. இவ்வளவு கேவலமாக உணர்ந்ததும் இல்லை. பஸ்ஸுன்னு ஒரு வார்த்தை சொன்னியாடி? ஒரே ஒரு வார்த்தை?

ரேமண்டிடம் தொலைபேசியில் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்மா" என்றார், யாரோ எவரிடமோ சொல்வது போல.

மார்ச் 18, செவ்வாய்

கவுன்சில் அலுவலகத்து ஜோஆன் வந்தாள். கள்ளம் கபடமில்லாத பெண். உறைக்குள் ஒரு தாள் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க இளவரசி ஆல்பத்துக்கு ஆகுமேன்னு குப்பைக்குப் போகாம எடுத்து வச்சேன். இளவரசி கார்ல வர்றப்ப படிக்கக் கொடுத்தது."

வரிசையில் நிற்கிற ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி, என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள. ஏழாவது நான்.

"திருமதி தெல்மா ஓல்ட்ராய்ட். நாற்பது ஆண்டுகளாக மஞ்சள் குடையுடன் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் நிற்பவர்; அடையாளம் கண்டுகொண்டால் மிகவும் மகிழ்வார். எங்கிருந்து, எப்படி வந்தார் என்று கேட்பதைத் தவிர்க்கலாம்."

"இதை யாரும்மா எழுதினது?"

"ஸ்டாக்டேல் சார்தான். மத்தவங்களோடதை நான் எழுதினேன். உங்களோடதை மட்டும் அவரே உக்காந்து எழுதினாரு. எவ்வளவு அக்கறை பாருங்க!"

அவளுக்கு டீயும் கேக்கும் கொடுத்து அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தபால் நிலையத்தில் வாய் விட்டவள் நான்தான், அது போகட்டும். இளவரசிமேலும் எனக்குக் கோபமில்லை. ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிறவர், தாளில் இருந்ததைச் சொன்னார். ஆனா அந்த இன்னொரு விஷயம்? வீட்டுக்காரருக்கே முகம் மறந்துபோச்சு, யாராவது ஒருத்தர் என்னைத் தெரியும்னு சொல்லமாட்டாங்களான்னு நான் தவிச்சுக்கிட்டிருந்தது அந்த ஆளுக்கு எப்படித் தெரிஞ்சுது? நான்தானே சொன்னேன். மூணு நிமிஷம், எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, நானே. கடிகாரத்தைத் தட்டிக்கிட்டே கேட்டிருக்கான் பாவி.

தாளை ஆல்பத்தில் ஒட்டவில்லை. குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

மே 1 கவுன்சில் தேர்தல். ஸ்டாக்டேல் தொகுதியில் வேட்பு மனு கொடுத்துவிட்டேன். சுயேச்சை. முன்மொழிந்தவர் நார்மன், வழிமொழிந்தவள் மேவிஸ்.

"ஜெயிச்சா என்னடி பண்ணுவ?" என்றாள் பேனாவைப் பிடித்துக்கொண்டே.

"பஸ் விடுவேன்."

"தோத்தா?"

"அந்த ஆளும் தோக்கணும்."

ஏப்ரல் 19, சனி

மழையில் வீடு வீடாகப் போனேன். கால் வீங்கிவிட்டது. மில் தெருவில் ஒருத்தி கதவைத் திறந்து குடையைப் பார்த்துவிட்டு, "நீங்க இளவரசி பின்னாடி போற அம்மாதானே?" என்றாள். "இப்ப பஸ் பின்னாடி போறேன்" என்றேன். ஓட்டுப் போடுகிறேன் என்றாள். நம்பவா?

நாளை ஞாயிறு, மேவிஸ் காரில் ஹார்ன்கேட். வாரத்துக்கு ஒரு நாள்தான் முடிகிறது. போன ஞாயிறு முழுக்க ரேமண்ட் என்னிடம் எதுவும் பேசவில்லை.

மே 2, வெள்ளி

நான் மூன்றாவது. முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. ஸ்டாக்டேல் தொண்ணூறு ஓட்டில் தோற்று இரண்டாவது. ஜெயித்தது ஒரு கால்நடை மருத்துவர், முப்பது வயதுகூட இருக்காது.

ஸ்டாக்டேல் கை குலுக்க வந்தார். முகம் சிவந்திருந்தது. "என் ஓட்டையெல்லாம் நீங்கதான் பிரிச்சிட்டீங்க மிசஸ் ஓல்ட்ராய்ட்."

"நான் எப்படி வர்றேன்னு நீங்க கேட்டிருக்கணும்," என்றேன்.

புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருக்கும். அந்த மருத்துவர் பெண் ஓரமாக வந்து என் காதில் சொன்னாள்: "அந்த முன்னூத்திப் பன்னிரண்டும் எதுக்கு விழுந்ததுன்னு எனக்குத் தெரியும்." எல்லாரும் தெரியும் தெரியும் என்றுதான் சொல்கிறார்கள்.

ஜூலை 10, வியாழன்

செப்டம்பரிலிருந்து 47 வருகிறது. அந்த மருத்துவர் பெண் செய்து காட்டிவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி மட்டும், ஆறு மாதத்துக்குச் சோதனை முறையில். ஏழு நாளில் மூன்று நாள்! சந்தோஷப்படுவதா, கத்துவதா? இரண்டையும் செய்தேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

செப்டம்பர் 1, திங்கள்

பத்து மணி 47. அதே ஓட்டுநர். மழை, அதனால் குடை எடுத்துக்கொண்டேன். இளவரசி இன்று கடற்கரைப் பக்கம் ஏதோ திறக்கிறாராம், நேற்றே மேவிஸ் கேட்டாள், "நெஜமா வரலியா?" என்று. "திங்கக்கிழமைடி" என்றேன்.

ரேமண்ட் ஜன்னலோரம், மடியில் போர்வையோடு. மூலையில் நான் சாய்த்து வைத்த குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, ரொம்ப மரியாதையாக, "ரொம்ப தூரத்துலேர்ந்து வர்றீங்களா?" என்றார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

கிண்டலா? இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா? கைகளைப் பின்னால் கட்டியிருக்கிறாரா என்று பார்த்தேன். போர்வைக்குள் இருந்தன. எவ்வளவு பார்த்தும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆறு மைலுங்க," என்றேன். "பஸ்லதான் வந்தேன்."

"பஸ் இருக்கா?"

"இருக்கு. புதன்கிழமையும் வருவேன்."