முதல் கலயம்

நீ ஜெயித்த கள்ளை நான் குடித்தேன்.

இன்று காலை வடுகபட்டிச் சாலையில் வரும்போது கள்ளுக்கடை வாசலில் பானைகளைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். புளித்த வாடை பாதிச் சாலை வரை வந்து நின்றது. நாளைக்கு மட்டக்குதிரைப் பந்தயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடத்தான் நினைத்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

பெரியகுளத்தில் குதிரைக்குப் பஞ்சமில்லை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். துரைமாரையும் அவர்கள் பெட்டிகளையும் மலைக்கு ஏற்றிப்போகும் மட்டங்கள், கோடை முடிந்ததும் லாயத்தில் சும்மா நின்று தின்றன. அவற்றை வைத்துத்தான் முதலாளிகள் பந்தயம் விட்டார்கள். வடுகபட்டியில் கிளம்பி இந்தக் கடைவாசலில் முடியும். ஜெயித்தவன் கடைக்குள் உட்கார்ந்து அன்றைய முதல் கலயத்தைக் குடிக்க வேண்டும். அவன் வாய் வைக்கும் வரை வேறு யாருக்கும் ஊற்ற மாட்டார்கள். அதுதான் வழக்கம். ஓட்டியவர்கள் எல்லாரும் உள்ளே உட்காரக்கூடிய தெருக்காரர்களாக இருந்தவரை அதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

அந்த வருடம் ஓட்ட வேண்டியவன் இடுப்புப் பிடித்துப் படுத்துவிட்டான். லாயத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்த உன்னை முதலாளி ஏற்றிவிட்டார். நீ ஜெயித்தாய்.

நீயும் நானும் ஒரே சாமியார் கையால் ஞானஸ்நானம் வாங்கியவர்கள். கோயிலுக்குள் உன் ஆட்கள் முழங்கால் போடும் இடத்துக்கும் என் ஆட்கள் முழங்கால் போடும் இடத்துக்கும் நடுவே மரக்கிராதி. வராக நதியில் இறங்கினால் கிராதி கிடையாது; அங்கே நீ என்னை ‘ஏலே’ என்பாய். கரையேறினால் ‘அய்யா’ என்பாய். அதை நான் ஒருநாளும் வேண்டாமென்று சொன்னதில்லை.

பந்தயம் முடிந்து குதிரை வியர்த்து நின்றது. வெயிலென்று அதைக் கடைக்கூரைக்குள் இழுத்துக் கட்டினார்கள். நீ வாசலில் நின்றாய். உன் இடம் கடைக்குப் பின்னால், வேலியோரம். அங்கே ஓலைப்பட்டையை ஏந்தினால் எட்ட நின்று ஊற்றுவார்கள். அன்று நீ பின்னால் போகவில்லை.

கடைக்காரர் எனக்குத் தூரத்து உறவில் மாமா. கலயத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “பின்னால போலே, ஊத்தச் சொல்றேன்” என்றார்.

“மொதக் கலயம் உள்ளதானங்கய்யா குடுப்பாக.”

“ஏலே, ஓடுனது குதிரை. நீ அது மேல ஒட்டிக்கிட்டு வந்தவன்தான?” என்றான் உள்ளேயிருந்த ஒருவன். கடை முழுக்கச் சிரித்தது.

நீயும் சிரித்தாய். “குதிரைதான் உள்ள நிக்குதே. அது மேல ஏறி உக்காந்துக்கிறேன். ஒட்டிக்கிட்டே குடிச்சுட்டுப் போறேன்.”

சிரிப்பு நின்றது. சுவரில் சாய்த்திருந்த கம்பு ஒருவன் கைக்குப் போனது. நீ ஒரு காலைத் தூக்கி வாசற்கல்லில் வைத்தாய். உள்ளே முப்பது பேர் காத்திருந்தார்கள். நீ குடிக்காமல் அவர்களுக்குக் கள் கிடையாது. அவர்கள் கோபத்தைவிட அந்தத் தாகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா என் பக்கம் திரும்பினார். “ஏலே, நீ அவன் கூட்டாளிதான? அவனுக்குப் பதிலா நீ குடி. வழக்கமும் கெடாது, அடிதடியும் வேணாம்.”

நான் வாங்கினேன். உன் மண்டையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஒரே மூச்சில் குடித்தேன். எல்லாரும் ஆரவாரித்துக் கலயங்களை நீட்டினார்கள். கம்பு சுவருக்குத் திரும்பியது. நீ கல்லிலிருந்து காலை எடுத்தாய்.

“எப்பிடிலே இருக்கு?” என்று கேட்டாய். அத்தனை பேர் முன்னால் நீ என்னை ‘லே’ போட்டது அதுதான் முதல் தடவை.

“நல்லாருக்கு” என்றேன்.

மறுவாரம் நீ கூடலூர் வழியாக மலையேறி, அணை கட்டும் வேலைக்குப் போனாய். அங்கே காய்ச்சலில் செத்தாய் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்கள். எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சாமியார் பூசையில் உன் பேரை வாசித்தபோது நான் கிராதிக்கு இந்தப் பக்கம், என் ஆட்களோடுதான் முழங்கால் போட்டிருந்தேன். காய்ச்சல் உன்னை மலையில் பிடித்தது. மலைக்கு விரட்டியது இந்தக் கடை, இதில் குடித்த நாங்கள்.

பிறகு நான் கள்ளைத் தொடவில்லை. அதை நல்ல குணமென்று எண்ணிவிடாதே. வாய்க்கருகே கொண்டுபோனால் ‘நல்லாருக்கு’ என்று சொன்ன என் குரல் அப்படியே காதில் கேட்கிறது.

நாளைக்கு அந்த லாயத்துக் குதிரையை ஓட்டப்போவது உன் தம்பி. உன்னைவிட நன்றாக ஓட்டுகிறான். நேற்று என் முகத்தைப் பார்த்தே சொன்னான்: “ஜெயிச்சா உள்ளதான் போவேன். அண்ணன் மாதிரி கால எடுக்க மாட்டேன்.” அவனை அடிப்பார்கள். அவனுக்கும் அது தெரியும்.

அதனால்தான் இன்று கடைக்குள் போனேன். மாமா பன்னாடையில் கள்ளை வடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“நாளைக்கு அவன் ஜெயிச்சா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் குடுங்க மாமா. எங்கிட்ட நீட்டாதீக. நான் வாங்க மாட்டேன்.”

“மொதல்ல ஜெயிக்கட்டும்லே.”

“ஜெயிச்சப்பெறகு பேச முடியாது. கம்புதான் பேசும். இப்பச் சொல்லுங்க, இவுக முன்னால சொல்லுங்க. அவன உள்ள கூப்பிடுவீகளா, மாட்டீகளா?”

மாமா பன்னாடையைப் பிழிந்து உதறிவிட்டு அடுத்த பானையை இழுத்தார். சுவரோரம் இருந்தவர்கள் தங்கள் கலயத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.