தேதி போடாத இடம்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்ததும் மிஷின் மையின் நெடி மூக்கில் ஏறியது. விழுப்புரத்தில் இத்தனை வருஷம் பேனர் அடித்துப் பிழைக்கிறவளுக்கு அது பழகிப்போயிருக்க வேண்டும். இன்று நெஞ்சைக் கரித்தது. திண்டிவனத்திலிருந்து திரௌபதி அம்மன் விழாக்குழுவின் ஆர்டர் வந்திருந்தது. பாரதப் போரில் துரியோதனன் விழுவதை நடத்திக் காட்டும் படுகளத்துக்கு 'வருக வருக' பேனர். முன்பு உன் படம் இருந்த இடத்தில் இந்த முறை என் படம் வேண்டுமாம். உன் ஃபைல் கம்ப்யூட்டரில் அப்படியே இருக்கிறது. அதைத் திறக்கும் முன் உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருந்த நீ, ஏதோ நோட்டீஸ் அடிக்க வந்த முதல் நாளே என்னோடு மல்லுக்கு நின்றாய். "இன்னாம்மா இது, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே எழுத்து போட்டுக்கினு கீற?" எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் நீ சொன்னதுதான் சரி. ஆறு மாதம் 'நீங்க' என்றேன், பிறகு தானாகவே 'நீ' வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை என்றால் நமக்குக் கால் தரையில் நிற்காது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சுவரையெல்லாம் வாசித்துக்கொண்டே வருவாய். எந்த மைதானத்தில் புத்தகக் கண்காட்சி, எந்தத் தெருவில் பெண்பிள்ளைகளின் பறையாட்டம், எந்தச் சர்ச்சில் பாஸ்கா நாடகம் என்று சுவர்தான் உனக்குச் சேதி சொல்லும். யார் பெற்ற பெண்ணின் அரங்கேற்றமோ, அழைப்பே இல்லாமல் போய் முன்வரிசையில் உட்காருவோம். முதல் கைதட்டு உன்னுடையதாகத்தான் இருக்கும். "மொத ஆளு தட்டினாத்தான்டி மத்தவங்களுக்குக் கை வரும்" என்பாய்.

அந்த வருஷம் படுகளத்தில் துரியோதனனுக்கு ஒப்பாரி வைக்க உன் தெருப் பெண்கள் இருபது பேரைத் திரட்டினாய். குழுவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பேனரில் உன் படத்தைப் போடச் சொன்னார்கள். நான் அவசரத்தில் இருந்தேன். முந்தின நாள் ஒரு பெரியவருக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி ஃபைலைத் திறந்தேன். எங்கள் தொழிலில் எதையும் முதலிலிருந்து செய்வதில்லை, பழையதில் படத்தையும் பெயரையும் மாற்றுவோம், அவ்வளவுதான். தலைப்பை மாற்றினேன். கறுப்பை மஞ்சளாக்கினேன். பெரியவரின் இரண்டு தேதிகளையும் அழித்தேன். தேதிகளுக்கு முன்னால் பொடி எழுத்தில் இருந்த 'தோற்றம்', 'மறைவு' என்ற சொற்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பேனர் கட்டி முடித்த பிறகு அந்த இரண்டு சொற்களையும் முதலில் பார்த்தவள் நீதான். நான் பதறிப்போனேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"தேதி போடாம வுட்டுட்டியே, அதுக்கே உனுக்குப் புண்ணியம்."

"அக்கா, வாயக் கழுவு. ஜல்தியா அவுத்துடலாம்."

"இருக்கட்டும் வுடு. செத்துட்டான்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாங்க. அதுவுமில்லாம படுகளத்துல செத்தவன்லாம் ஏந்திரிச்சி டீ குடிக்கப் போற ஊருடி இது."

மறுநாள் உச்சி வெயிலில் மண்ணால் செய்த துரியோதனன் மைதானம் முழுக்க மல்லாந்து கிடந்தான். அவனுக்குப் பக்கத்தில் களத்தில் மாண்டவர்களாக வேஷக்காரர்கள் படுத்திருந்தார்கள். அம்மனின் மஞ்சள் தண்ணீர் பட்டதும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசி ஆள் மட்டும் எழவில்லை. தண்ணீரை மறுபடி தெளித்தார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் நின்றது. "ஏந்திருடா, டேய்" என்று முணுமுணுத்தபடி நீ என் கையைப் பிடித்தாய். அந்த வெயிலிலும் உன் கை சில்லென்று இருந்தது. அவன் எழுந்து உட்கார்ந்தான். எல்லோரும் குலவை போட்டார்கள். முதல் கைதட்டு உன்னிடமிருந்து வரவில்லை. அதைக் கவனித்தேன் அக்கா. கவனித்து, எல்லாம் அந்தப் பேனரின் அபசகுனம் என்று தப்பான கணக்குப் போட்டேன்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. காக்கை கத்தினால் உனக்குப் போன் செய்வேன். கடை வாசலில் எலுமிச்சை கட்டினேன். உன் பெயரில் அர்ச்சனை வைத்தேன். நீ செருப்பு வாரை மாட்டாமல் இழுத்து இழுத்து நடந்ததையும் பார்த்தேன். கேட்டதற்கு, "புதுச் செருப்பு, கடிக்குது" என்றாய். அது பழைய செருப்பு என்பது எனக்கே தெரியும். ஆனால் என் புத்தி முழுக்க அந்தப் பொடி எழுத்தில் இருந்தது.

தோஷம் கழிய பெருமுக்கல் மலைக்கோயிலுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றுதான் சொன்னாய். நான்தான் கெஞ்சினேன், அழுதேன். ஏறும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்தாய்.

"மூச்சு வாங்குதுடி. நீ போய் கும்பிட்டுக்கினு வா, நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்."

"உனுக்காகத்தான வந்தோம்? பாதியில நின்னா வேண்டுதல் பலிக்காது. ஏந்திரு அக்கா."

எழுந்தாய். என் மனசு நோகக் கூடாதென்று எழுந்தாய். மேலே போய்ச் சேர்ந்ததும் உன் பாதத்தைப் பார்த்தேன். செருப்பு வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. வெயிலில் நடந்த வீக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து நீ தையல் மிஷின் முன்னால் சாய்ந்தாய். இதயம் ரொம்ப நாளாகவே பலவீனம், கால் வீங்கும்போதே கூட்டி வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டாராம். உன் மகன் சொன்னான். உன் படத்தோடு நேராக என் கடைக்குத்தான் வந்திருந்தான். "டிசைன் உங்ககிட்டயே இருக்கும்ல அத்தை? தேதி மட்டும் போட்டா போதும்" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் மஞ்சளைக் கறுப்பாக்கினேன். 'மறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நான் அழித்து வைத்திருந்த இடத்தில், உன் தேதியை அடித்தேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது.

எழுத்துப்பிழை உன்னைக் கொல்லவில்லை என்று இப்போது தெரிகிறது. அதற்குப் பயந்து நான் உன்னை மலையேற்றினேனே, அதைத்தான் எங்கே கொண்டுபோய்க் கழுவுவது என்று தெரியவில்லை. உன் தெருப் பெண்களை இன்றும் நான்தான் ஒப்பாரிக்குத் திரட்டுகிறேன். மேடை எதுவானாலும் முதல் கைதட்டு என்னுடையது. தட்டிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொள்வேன். பைத்தியம் என்று நினைப்பார்கள், நினைக்கட்டும்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வாரமாக என் செருப்பும் கடிக்கிறது. இதுவும் பழைய செருப்புதான். நேற்று கழற்றியபோது வாரின் தடம் பள்ளமாகப் பதிந்து, வெகுநேரம் மறையாமல் இருந்தது.

ஃபைலைத் திறந்துவிட்டேன் அக்கா. உன் தேதியை அழித்தேன். 'மறைவு' இன்னும் நிற்கிறது, பக்கத்தில் இடம் காலியாக. அதையும் அழித்துவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். இந்த முறை எலுமிச்சை கட்டவில்லை.