கௌசி வரையாமல் விட்ட முகம்

என் செல்லக் கழுதை கௌசிக்கு,

அக்கா எழுதுகிறேன். என்னிடம் திட்டு வாங்கித்தான் உனக்குப் பழக்கம், கடிதம் வாங்கியதில்லை. ஒரே வீட்டில், ஒரே கடையில் முப்பத்து நான்கு வருஷம் இருந்தவர்களுக்கு நடுவில் கடிதம் எதற்கு? இப்போது தேவைப்படுகிறது. ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்டி. நாலு பேர் முன்னால் உன்னைத் திட்டியவள் நாலு பேர் முன்னால்தான் ஒப்புக்கொள்ள வேண்டும், அதனால்தான் அச்சில் போடுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. நம் ஃபிளெக்ஸ் கடை நடக்கிறது. நீ போனதிலிருந்து பிரின்டர் சிவப்பை மட்டும் துப்பமாட்டேன் என்று அடம் பிடிக்கிறது. போன முகூர்த்தத்தில் கல்யாண பேனரில் மாப்பிள்ளை பச்சையாக நின்றார். பெண் வீட்டார் சிரித்துவிட்டார்கள், நல்லவேளை. உன் நாற்காலியில் யாரையும் உட்கார விடுவதில்லை. பாத்திரக்கடைச் சின்னையா மறந்துபோய் உட்கார்ந்து என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

வரும் ஆடியோடு ஒரு வருஷம்.

நீ அந்த வெளிநாட்டுத் தொடரைப் போனில் பார்க்க ஆரம்பித்தது ஒரு மழைக்காலம். செர்னோபில் அணு உலை வெடித்த கதை. எனக்கு அதில் பாதி புரியவில்லை. நீயோ ஒரே ஒரு இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாய். ஊரையே காலி பண்ணச் சொல்லி வரிசையாகப் பஸ் நிற்கிறது. மூன்று நாள்தான், திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி ஏற்றுகிறார்கள். ஏறப்போன ஒரு பெண் சட்டென்று இறங்கி வீட்டுக்கு ஓடுகிறாள், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க. அவ்வளவுதான் அவள் பாகம். பெயர்கூடக் கிடையாது.

"அவ பஸ்ஸப் பிடிச்சாளாக்கா?" என்று என்னைக் கேட்டாய்.

"நான் என்னடி கண்டக்டரா?" என்றேன்.

மறுநாள் கல்யாணப் பத்திரிகை வேலைக்கு நடுவில் அவளை வரைந்துகொண்டிருந்தாய். ஒரு தொடர் பிடித்துப்போனால் அதில் வருகிறவர்களைப் பார்க்கிறவர்களே வரைந்து இணையத்தில் போடுவார்களாம், ரசிகர் ஓவியம் என்று பெயராம். நடிகருக்கு ரசிகர் மன்றம் தெரியும், அணு உலை வெடித்ததற்குமா ரசிகர்கள் என்று கேட்டுச் சிரித்தேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை.

"வெடிச்சதுக்கு இல்லக்கா. எல்லாரும் பெரிய பெரிய ஆளுகளத்தான் வரையிறாங்க. இவளுக்கு யாரு இருக்கா?"

பத்திரிகை வேலை அப்படியே கிடக்கிறது என்று கத்தினேன்.

பிறகு அந்த ஃபிளெக்ஸ் விவகாரம். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. அவள் படத்தை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே 'மூன்று நாளில் திரும்புவோம் என்று நம்பிப் போன எங்கள் அக்கா', அதற்கும் கீழே 'வருந்தும் காரைக்குடித் தங்கை' என்று போட்டு ஆளுயரத்துக்கு அடித்துவிட்டாய். அடித்ததோடு விட்டாயா? மை காய வேண்டும் என்று எல்லாப் பேனரையும் தொங்கவிடுவதுபோல் அதையும் கடை ஷட்டரில் தொங்கவிட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாய்.

ஊரில் யார் போனாலும் முதலில் தெரிவது நம் ஷட்டரில்தானே? சின்னையா கடை திறக்க வந்தவர் பார்த்தார். வெள்ளை முகம், பழுப்பு முடி. விசாலாட்சி ஆச்சி வீட்டு மகன் ஜெர்மனியில் பெண் கட்டினாரே, அந்த மருமகள்தான் என்று அவராகவே முடிவு கட்டி, கடையைக்கூடத் திறக்காமல் துக்கம் விசாரிக்கப் போய்விட்டார். "என்ன ஆச்சி செய்யிறது, நம்ம கையில என்ன இருக்கு" என்று வாசலில் நின்று இவர் அழ, ஆச்சி அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு யாரோ ஜெர்மனிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். எடுத்தது அந்த மருமகளேதான், பல் தேய்த்துக்கொண்டே எடுத்தாளாம்.

ஆச்சி ஆட்டோ பிடித்து வந்தார்கள். காலில் இரண்டும் வேறு வேறு செருப்பு.

"யாருடி செத்தது? யாருங்கிறேன்?"

"பதறாதீக ஆச்சி, உக்காருங்க. இது ரொம்ப வருசத்துக்கு முன்னாடி, ரஷ்யாப் பக்கம் நடந்தது" என்று நீ விளக்க ஆரம்பித்தாய். தெருவே கூடிவிட்டது. எனக்கு மானம் போயிற்று. "உசுரோட இருக்கறவுக வீட்டுக்கு எழவு சொல்லி வச்சிருக்கியே, நீ உருப்படுவியா?" என்று எல்லார் முன்னாலும் கத்தி, அந்த ஃபிளெக்ஸை இழுத்துக் குறுக்காகக் கிழித்தேன். நீ கிழிந்த இரண்டு துண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போனாய்.

அதோடு என்னிடம் எந்தப் படத்தையும் காட்டுவதை விட்டுவிட்டாய். நான் வந்தால் திரையை மாற்றிவிடுவாய். நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், இல்லையா?

உன்னிடம் மறைத்தது ஒன்று உண்டு. மறுநாள் நீ பேப்பர் வாங்கப் போயிருந்தபோது ஆச்சி திரும்பவும் வந்தார்கள். "ராக்கு, அது எம் மருமக இல்லைன்னு தெரிஞ்ச பெறகும் எனக்கு அழுகை நிக்கலைடி. அந்தப் பிள்ள கண்ணு அப்படிப் பாக்குது. அதப் போயிக் கிழிச்சுப்புட்டியே பாவி" என்றார்கள். உன்னிடம் சொன்னால் மறுபடி அதிலேயே விழுந்துகிடப்பாய், வேலை கெடும் என்று விழுங்கிவிட்டேன். இன்றைக்குச் சொல்கிறேன். உன் படத்துக்காக இந்த ஊரில் ஒரு மனுஷி அழுதார்கள் கௌசி. உனக்கு அது தெரியாமலே போய்விட்டது.

போன ஆடியில் உனக்குக் காய்ச்சல் வந்து, பிளேட்லெட் குறைகிறது, மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். காரில் ஏறும்போது சின்னையாவிடம் கடைச் சாவியை நீதான் கொடுத்தாய். "மூணு நாள்ல வந்துருவோம், பாத்துக்கங்க சின்னையா" என்றாய். அதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அழுதவள்தானே நீ? உனக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஆறாவது நாள் நான் மட்டும் வந்து சாவியை வாங்கினேன்.

ஊருக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி போட்டவளுக்கு உன்னுடையதைப் போட முடியவில்லை. கம்ப்யூட்டரில் உன் பெயரை அடித்தேன். தோற்றம் என்று போட்டு நீ பிறந்த தேதியை அடித்தேன். அடுத்த சொல்லுக்கு விரல் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடைக்காரர்தான் அடித்துக் கொடுத்தார். உன் கறுப்பு முகத்தை வெளுத்து யாரோ போல் ஆக்கியிருந்தார். அன்றைக்குச் சண்டை போடத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

இனிமேல்தான் என் தப்பு.

உன் போனை நான் அணைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அது மணியடித்தது. ஒக்சானா என்று ஒரு பெண்ணிடமிருந்து செய்தி, நீ இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்து வந்தவள். நீங்கள் இருவரும் முன்பு பேசியதையெல்லாம் போனே தமிழில் மாற்றிக் காட்டியது, உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். அந்தப் பஸ்களில் ஒன்றில் ஆறு வயதில் ஏறியவளாம். மூன்று நாள்தானே என்று வீட்டுப் புகைப்படங்களை எல்லாம் விட்டுவிட்டுப் போனார்களாம். சில வருஷத்தில் அம்மா நோயில் விழுந்து இறந்துபோயிருக்கிறாள். மிச்சம் இருப்பது ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரே படம், தலையில் முடியில்லாமல். பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் இருந்த அம்மாவை வரைந்து தருவாயா என்று கேட்டிருந்தாள். நீ சரி என்றிருந்தாய்.

கம்ப்யூட்டரில் உன் கோப்பைத் தேடிப் பிடித்தேன். அந்தக் கிழிந்த ஃபிளெக்ஸுக்குப் பிறகு நீ என்னிடம் காட்டாத அத்தனையும் அதில் இருந்தது. அம்மாடி! கடைசியாக இருந்தது இந்தப் படம். ஜன்னல் திரை, மேசையில் பாதி வெட்டிய ரொட்டி, பூப்போட்ட கவுன், ஈரக் கை. எல்லாம் முடித்திருந்தாய். முகம் மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது.

'கௌசி, நலமா? அவசரம் ஒன்றும் இல்லை' என்று அவள் எழுதியிருந்தாள். நீ போய்விட்டாய் என்று ஒரு வரி அடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? 'நலம். வேலை நடக்கிறது' என்று அடித்து, கீழே கௌசி என்று உன் பெயரைப் போட்டேன்.

ஒரு தடவையோடு நிற்கவில்லை. பல மாதம் இதே பிழைப்புத்தான். அவள் ஊரில் இப்போது போர், மறுபடியும் வீட்டை விட்டு வேறு ஊர் போய்விட்டாள். அங்கே குளிர் எப்படி, மகளுக்குச் சளி விட்டதா என்று கேட்பேன். 'அன்புள்ள கௌசி' என்று பதில் வரும். அந்த இரண்டு சொல்லுக்காகக் காலையிலிருந்து காத்திருப்பேன். அவளைப் பொறுத்தவரை நீ இங்கே உன் நாற்காலியில் உட்கார்ந்து வரைந்துகொண்டுதான் இருக்கிறாய். உலகத்தில் ஒருத்திக்காவது நீ சாகாமல் இருக்கிறாயே, அதை நான் எப்படிக் கெடுப்பேன்? சொல்.

போன மாதம் எழுதினாள். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறதாம், முழுசாகப் போவதற்குள் மனைவி முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறாராம். 'கௌசி, இப்போது மட்டும் கொஞ்சம் அவசரம்.'

உன் பெயரைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தேன். சிவகங்கையில் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொடுத்து முகத்தை முடித்து நீ வரைந்ததாகவே அனுப்பிவிடலாம் என்று பஸ் ஏறினேன். மடியில், தாளில் அடித்து எடுத்த உன் படம். ஜன்னலோரம் அதை விரித்துப் பார்த்துக்கொண்டே போனேன். நம் கடையில் எத்தனை பேருக்கு முகம் செய்து கொடுத்திருக்கிறோம்? போட்டோ இல்லாமல் போனவர்களுக்கு மகள் கண்ணையும் தம்பி தாடையையும் வைத்து ஒட்டி, வீட்டு ஆட்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மூக்கு இன்னுங் கொஞ்சம் சப்பை", "எங்கம்மா இப்பிடிச் சிரிக்காதுங்க" என்று அவர்கள் சொல்லச் சொல்லத்தானே திருத்துவோம்? பெற்ற மகள் பக்கத்தில் இல்லாமல் யாரோ ஒரு மாஸ்டர் யாரோ ஒரு முகத்தைப் போட்டால், ஒக்சானாவின் அப்பா கடைசியாக யாரைப் பார்த்துவிட்டுப் பார்வையை இழப்பார்? சிவகங்கை வரை போகாமல் கோவிலூரிலேயே இறங்கிவிட்டேன். இறங்கி, நிறுத்தத்து நிழலில் நின்றபடியே அடித்தேன்.

'நான் கௌசி இல்லை. அவள் அக்கா. கௌசி போன ஆடியில் இறந்துவிட்டாள். இத்தனை நாள் உங்களிடம் பேசியது நான்தான். என்னை மன்னிக்க வேண்டாம், முகத்தை மட்டும் நான் செய்து தர விடுங்கள். உங்கள் படமும் உங்கள் மகள் படமும் வேண்டும். நீங்கள் கூட உட்கார வேண்டும்.'

இறந்துவிட்டாள் என்ற சொல்லை உனக்காக நான் எழுதியது அன்றைக்குத்தான். எழுதிவிட்டு அந்த நிறுத்தத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பூக்காரம்மா ஒருத்தர் தண்ணீர் கொடுத்தார்கள்.

வீடு வந்து சேர்ந்தபோது பதில் இருந்தது. 'தெரியும்' என்று ஆரம்பித்திருந்தாள். 'கௌசி என்னிடம் படத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவாள். மூன்று வாரம் காணாமல் போய்த் திரும்பி வந்தவள் சாப்பிட்டாயா, ஸ்வெட்டர் போட்டாயா என்று கேட்டாள். அன்றே அழுதுவிட்டேன். இது அக்காதான் என்றும் தெரிந்தது. நீங்களாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். உங்களைப் பற்றிக் கேட்டபோது கௌசி ஒன்று சொன்னாள். அக்கா என் படங்களைப் பார்க்க மாட்டாள், பார்த்தால் அழுதுவிடுவாள், அழுவது அவளுக்குப் பிடிக்காது என்று சொன்னாள்.'

அடி கள்ளி. உனக்குத் தெரிந்துதான் இருந்ததா? அப்படியென்றால் என்னிடம் ஏன்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை? உன்னை எங்கே போய்ப் பிடித்துக் கேட்பேன்?

படங்கள் வந்துவிட்டன. ஒக்சானாவின் கண், அவள் மகளுடைய கன்னமும் வாயும். நேற்று மத்தியானம் அவள் வீடியோவில் கூட உட்கார்ந்தாள். புருவத்தை மூன்று தடவை மாற்றச் சொன்னாள். நான்காவது தடவை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் புருவத்தை அப்படியே வைத்திருக்கிறேன். என் கோடு உன் கோடு மாதிரி ஓடாது, எனக்குத் தெரியும். ஆனாலும் அவள் அப்பாவுக்குப் பார்வை போவதற்குள் முடித்துவிடுவேன். ஓரத்தில் உன் பெயர்தான் இருக்கும், அது நீ வரைந்த படம். ஆடியில் உனக்கான நினைவஞ்சலியையும் நானே அடிப்பேன், உன் நிறத்திலேயே, இரண்டு தேதியும் போட்டு. உன் பெயரில் இனி யாருக்கும் பதில் எழுத மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கௌசி இல்லை,
கௌசியின் அக்கா
ராக்கு