மூன்றாவது கேப்டன்

மேச்சேரி
3.2.2025

மதிப்புக்குரிய கர்னல் ஐயாவுக்கு,

கார்கிலில் நீங்கள் கேப்டனாக இருந்தபோது உங்களுக்குக் கீழே நாயக்காக இருந்து உயிரை விட்ட மணியனின் மகள் அறிவுச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. அப்போது நான் அம்மா வயிற்றில்.

பரணைத் துடைக்கும்போது அப்பாவின் கடைசிக் கடிதம் கிடைத்தது. 'எங்கள் கேப்டன் நல்லபடியாகத் திரும்பினால் முனியப்பனுக்கு ஒரு கிடா' என்று நேர்ந்திருக்கிறார். தனக்கென்று ஒன்றும் நேரவில்லை. எங்கள் வீட்டுக் கிடாவுக்கு எப்போதும் கேப்டன் என்றே பேர். ஏன் அந்தப் பேர் என்று கேட்டால் அம்மா, "சும்மாதான் சாமி" என்பார்.

மாசிப் பண்டிகையில் அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். உடம்பை உதறினால்தான் சாமி உத்தரவு கொடுத்த மாதிரி, வெட்டலாம். இரண்டு கேப்டன்கள் உதறாமலே கிழடாகிச் செத்தார்கள். இது மூன்றாவது. "ஆருக்கு நேந்ததோ அவங்க வந்து நிக்கோணும்" என்கிறார் பூசாரி. உங்கள் பரமத்தி வேலூர் என்ன வெளிநாடா? ஏன் ஐயா ஒருமுறைகூட வரவில்லை?

அறிவுச்செல்வி

பரமத்தி வேலூர்
9.2.2025

அன்புள்ள அறிவுச்செல்விக்கு,

வந்தேன் அம்மா, இரண்டு முறை. மேச்சேரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எனக்குக் கொடுத்த வீர் சக்ரா விருதுப் பத்திரத்தில் நான் முன்னால் ஏறியதாக எழுதியிருக்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அதற்கு முன்பே, பாறைக்கு அந்தப் பக்கம் பார்த்து வர உன் அப்பாவை அனுப்பியவன் நான். அனுப்ப வேறு ஆளும் இருந்தான். உன் அம்மா முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். அவரிடம் கேட்டு எழுது, நான் வரலாமா?

சபரிநாதன்

மேச்சேரி
14.2.2025

ஐயாவுக்கு,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அனுப்புனது அவருதான்னு அப்பவே தெரியும். கூட இருந்தவங்க வந்து சொன்னாங்க. ரெண்டு வருசம் வாயில வந்தபடி வஞ்சேன். அப்பறம், எம்பட ஊட்டுக்காரரு வேண்டிக் காப்பாத்துன ஆள நான் வையலாமா? வரச் சொல்லு சாமி."

அறிவுச்செல்வி

பரமத்தி வேலூர்
12.3.2025

அன்பு அறிவுச்செல்விக்கு,

நேற்றுக் கோவிலில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

"ஆரு நேந்தது?" என்று பூசாரி கேட்டபோது, அம்மா தலையைக் குனிந்து "அவருதானுங்க" என்றார். நீ "எங்கப்பா" என்றாய். கிடா அசையவில்லை. புருஷன் பேரைச் சொல்லக்கூடாது என்று அம்மாவும், அப்பா பேரைச் சொல்லக்கூடாது என்று நீயும் இருந்தால், யார் வேண்டியது என்று முனியப்பனுக்கு எப்படித் தெரியும்?

அதனால்தான் "நாயக் மணியன்" என்றேன். பழைய அதிகாரக் குரல்தான் வந்தது. கிடா உதறியதும் எல்லோரும் குலவையிட்டார்கள். அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மலையிலும் அப்படித்தான் கூப்பிட்டேன். "வாரனுங்க சார்" என்று எழுந்து போனார். அதற்குப் பிறகு நேற்றுத்தான் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னேன்.

உன் சபரி மாமா